பம்ப் அடிக்கத் தெரியுமா? அடித்துக் காட்டுங்கோ பார்ப்பம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் நான் வேலை செய்கிற பாமசி இருக்கிறது. வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கி, கொழும்பு வானம் சாம்பல் பூசினாற்போல் மங்கி நிற்கிற நாட்களில் ஆஸ்துமாவுக்கு வாயால் இழுக்கிற மருந்துப் பம்ப், அதாவது இன்ஹேலர், கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். போன தை மாதம் அப்படி ஒரு பின்னேரம் ஒரு அம்மா வந்தார். கூடவே 15 வயது மகன். பாடசாலைச் சீருடை, தோளில் ரியூசன் பை, இங்கே வந்து நிற்கவேண்டியிருக்கிறதே என்ற முகம்.

"மிஸ், நீங்கள் தந்த பம்ப் சரியில்லை. மூண்டு கிழமைக்குள்ள முடிஞ்சுபோச்சு. இழுப்பும் குறையேல்லை."

அது 200 தடவை அடிக்கக்கூடிய பம்ப். மூன்று கிழமையில் முடிந்தது என்றால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்டப் பத்து அடி. கேட்டதும் எனக்குத் திக்கென்றது. ஆனாலும் அதைப் பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டு, "தம்பி, எப்பிடி அடிக்கிறனீங்கள் எண்டு ஒருக்கா காட்டுங்கோ பார்ப்பம்" என்றேன்.

அவன் பைக்குள் கையை விட்டு மூடியில்லாத ஒரு நீலப் பம்பை எடுத்தான். குலுக்கவில்லை. வாயைத் திறந்து 'டஸ் டஸ்' என்று அடுத்தடுத்து இரண்டு தரம் அழுத்தினான். அதற்குப் பிறகுதான் மூச்சை இழுத்தான். அதுவும் சுடச்சுடத் தேத்தண்ணியை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சின்ன இழுவை. வாய் ஓரத்தால் வெள்ளைப் புகை கிளம்பி மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனுக்குப் போனது.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு. மருந்தெல்லாம் எங்கட ஃபேனுக்குப் போட்டுது. பாருங்கோ, அதுக்கு இழுப்பே இல்லை" என்றேன். அம்மா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. பம்ப் பாவிக்கிறவர்களில் 100க்கு 70, 80 பேர் வரை அதைச் சரியாகப் பாவிப்பதில்லை என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டல்களை வெளியிடுகிற ஜீனா அமைப்பே சொல்கிறது. பெரியவர்களும் அதற்குள் அடக்கம். டொக்டர் துண்டு எழுதுகிறார். வெளியே வரிசை நீளம். பாமசியில் நாங்கள் பெட்டியை எடுத்துக் கொடுத்து, "காலையில ரெண்டு, இரவுக்கு ரெண்டு" என்கிறோம். எப்படி அடிப்பது என்பதை வேறு யாராவது காட்டியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். நானும் பல வருடம் அப்படி நினைத்தவள்தான். இப்போது "அடிக்கத் தெரியுமா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அதற்கு எல்லாப் பிள்ளைகளும் "ஓம்" என்றுதான் சொல்லும். அடித்துக் காட்டச் சொன்னால்தான் விஷயம் வெளியே வரும்.

எந்த மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்பதெல்லாம் டொக்டர் தீர்மானிப்பது. அதற்குள் நான் கை வைக்கவில்லை. கொடுத்த மருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேருவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

குழாய்க்குள் நடப்பது

எங்கள் ஆட்கள் தொய்வு என்பார்கள், முட்டு என்பார்கள். கொழும்பில் பிள்ளைகள் வாயில் வருவது 'வீசிங்'. ஆஸ்துமா உள்ளவருக்கு நுரையீரலுக்குப் போகிற காற்றுக் குழாய்களின் உட்சுவர் எந்த நேரமும் கொஞ்சம் வீங்கி, தொட்டாற்சுருங்கி மாதிரி இருக்கும். தடிமன், தூசி, நுளம்புச் சுருள், டெங்குக்கு அடிக்கிற புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, சிலருக்கு வேகமான ஓட்டம் என்று ஏதாவது ஒன்று பட்டதும் குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகும், உள்ளே சளி கூடும், வழி ஒடுங்கும். ஒடுங்கிய வழியால் காற்று வெளியேறுகிற சத்தம்தான் அந்த விசில்.

மருந்து போகவேண்டிய இடம் இந்தக் குழாய். குளிசை போட்டால் அது வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் அங்கே வரும். அதனால் அளவும் பெரிதாக இருக்கவேண்டும். சல்பியூட்டமோல் என்ற ஆஸ்துமா மருந்தின் 4 மில்லிகிராம் குளிசை ஒன்றில் 4,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. பம்பில் ஓர் அடிக்கு 100 மைக்ரோகிராம். ஒரு குளிசைக்கு 40 அடி கணக்கு. "பம்ப் கூடாது பிள்ளை, பழகிப்போகும், குளிசையாத் தாங்கோ" என்று கேட்கிற அம்மம்மாக்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் கடதாசியில் எழுதிக் காட்டுவேன். பாதிப் பேர் அதற்கும் மசியமாட்டார்கள், அது வேறு கதை.

இவ்வளவு கொஞ்ச மருந்து வேலை செய்வது அது நேரே இடத்துக்குப் போவதால்தான். நன்றாக அடிக்கத் தெரிந்தவருக்கே வெறும் பம்பிலிருந்து நுரையீரலுக்குப் போவது 10 முதல் 20 வீதம் வரைதான். மீதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். பிழையாக அடித்தால் அந்தக் கொஞ்சமும் போகாது.

ஏன் தொண்டையில் படிகிறது என்று விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பம்பின் புகை உண்மையில் நுண்ணிய துளிகள். மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரையான துளிகளே ஆழத்துக்குப் போகும். வாயிலிருந்து மூச்சுக் குழாய்க்கு இறங்குகிற இடத்தில் ஒரு வெட்டு வளைவு இருக்கிறது. 100ஆம் நம்பர் பஸ்காரன் வேகத்தைக் குறைக்காமல் வளைவில் திருப்பினால் நிற்கிற சனம் என்ன ஆகும்? எல்லாரும் ஒரு பக்கம் சரிந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வார்கள். வேகமாக இழுத்தால் துளிகளுக்கும் அதே கதிதான், திரும்ப முடியாமல் தொண்டைச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் வளைந்து உள்ளே போகும். இதைச் சொன்னபோதுதான் அந்தப் பையன் முதல்தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் தினமும் 100இல் தொங்கிக்கொண்டு போகிறவன்.

இன்னொரு கதையும் அவனுக்குச் சொன்னேன். 1950களின் நடுப்பகுதி வரைக்கும் ஆஸ்துமாக்காரர் வைத்திருந்தது கண்ணாடிக் கருவி. றப்பர் குமிழைக் கையால் அமுக்கி அடிக்கவேண்டும். விழுந்தால் உடைந்துவிடும், ஓர் அடிக்கு எவ்வளவு மருந்து வருகிறது என்றும் தெரியாது. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கொம்பனியின் தலைவர் ஜோர்ஜ் மேசன். அவருடைய மகளுக்கு 13 வயது, ஆஸ்துமா. தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்து ஏன் வரக்கூடாது என்று அவள் தகப்பனைக் கேட்டாள். 1956இல் ஒவ்வோர் அடிக்கும் ஒரே அளவு மருந்து தருகிற முதல் பம்ப் விற்பனைக்கு வந்தது. சல்பியூட்டமோல் பம்ப் அதற்கும் 13 வருடம் கழித்து, 1969இல் வந்தது.

"அப்ப இது ஒரு கேர்ளின்ர ஐடியாவா?" என்று கேட்டான். அந்த நாளில் அவன் வாயால் வந்த முதல் முழு வசனம்.

ஓர் அடி

முதலில் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கவேண்டும். அவன் பம்பின் வாய்க்குள் ஓர் அழிறப்பர்த் துண்டு கிடந்தது. மூடியில்லாமல் பைக்குள் உருண்டால் சின்னக் காசு, மண், பேனையின் அடிமூடி எதுவும் உள்ளே போய் இருக்கும். அழுத்தி இழுக்கும்போது அது மூச்சுக் குழாய்க்குள் போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும்.

பிறகு நன்றாக ஐந்தாறு தரம் குலுக்கவேண்டும். பெரும்பாலான பம்புகளில் மருந்து, திரவத்தில் மிதக்கும் நுண்தூளாகத்தான் இருக்கிறது. குலுக்காவிட்டால் ஓர் அடியில் கூடவும் மற்றதில் குறையவும் வரும். புதிதாகத் திறந்த பம்ப், பல நாள் தொடாத பம்ப் என்றால் பெட்டிக்குள் இருக்கிற துண்டில் சொன்ன எண்ணிக்கைக்குக் காற்றில் அடித்துவிட்டுத் தொடங்கவேண்டும்.

எழும்பி நிற்கவேண்டும், அல்லது நிமிர்ந்து இருக்கவேண்டும். கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டே அடிப்பது கணக்கில் வராது.

இனி மூச்சை வெளியே விடவேண்டும். அநேகமாக எல்லோரும் மறப்பது இந்த இடத்தைத்தான். குடம் தளும்பத் தண்ணீர் இருக்கும்போது மேலும் ஊற்றினால் வழியும். நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு மருந்தை இழுக்கப் பார்த்தால் இடமே இருக்காது. முகத்தைக் கொஞ்சம் திருப்பி, மெதுவாக, முடிந்தவரை வெளியே விடவேண்டும். பம்புக்குள் ஊதக்கூடாது.

வாய்ப்பகுதியைப் பற்களுக்கு நடுவே வைத்து உதட்டால் சுற்றி மூடவேண்டும். நாக்கு கீழே கிடக்கட்டும். நாக்கை மேலே தூக்கி வைத்திருந்தால் அடிக்கிறதெல்லாம் நாக்குக்குத்தான்.

இதற்குப் பிறகு வருவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. வாயால் மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கவேண்டும். தொடங்கிய அந்தக் கணத்திலேயே ஒருதரம் அழுத்தவேண்டும். அழுத்தின பிறகும் நிறுத்தாமல் 4, 5 விநாடி இழுத்துக்கொண்டே போகவேண்டும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது மருந்து அதில் ஏறவேண்டும். எங்கள் பையன் செய்தது என்ன? அழுத்தி முடித்துவிட்டு இழுத்தான். பஸ் போன பிறகு ஹோல்ட்டுக்கு ஓடிவந்த மாதிரி. வேறு சிலர் புகை தொண்டையில் பட்ட குளிரில் திடுக்கிட்டு இழுப்பை நிறுத்திவிடுவார்கள். அதுவும் பழகினால் போய்விடும்.

நான் பழக்கும்போது முதலில் மருந்தே இல்லை. வெறும் விரலைப் பம்பாகப் பாவித்துக்கொள்வோம். இளநீரை ஸ்ட்ரோவால் அவசரமில்லாமல் குடிக்கிற வேகம் என்று சொல்வேன். என் கையை மேசை மட்டத்திலிருந்து மெதுவாக உயர்த்துவேன், கை தலைக்கு மேலே வரும்வரை பிள்ளை இழுக்கவேண்டும். மூன்று தரம் அது சரியாக வந்த பிறகுதான் உண்மைப் பம்ப். பம்பலப்பிட்டியில் சங்கீத வகுப்புக்குப் போகிற ஒரு பிள்ளைக்கு இதைக் காட்டியபோது, "நீள வரி பாட முதல் டீச்சர் மூச்செடுக்கச் சொல்லுவா, அதுதானே அன்ரி?" என்றாள். அவளுக்கு ஒரே தரத்தில் வந்துவிட்டது. எனக்கே அப்படி வரவில்லை.

இழுத்து முடிந்ததும் வாயை மூடி 10 விநாடி மூச்சைப் பிடிக்கவேண்டும், துளிகள் படிய நேரம் வேண்டுமே. இழுப்பு நேரத்தில் அவ்வளவு முடியாது, முடிந்தது போதும். இன்னோர் அடி வேண்டுமென்றால் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் விட்டு, திரும்பக் குலுக்கி, முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்தால் பிள்ளைக்குத் தானே தன் பிழை தெரியும். வாய் ஓரத்தாலோ மூக்காலோ வெள்ளைப் புகை தெரிந்தால் அந்தளவு மருந்து வீணாகப் போனது.

தூள் மருந்தென்றால் எல்லாம் தலைகீழ்

இலங்கையில் பல வீடுகளில் பம்போடு, கெப்சூலைப் போட்டுத் தூளை இழுக்கிற கருவியும் இருக்கும். பேரனுக்குப் பம்ப், அப்பப்பாவுக்குத் தூள். ஒருவர் மற்றவருக்குப் பழக்குவார், அங்கேதான் குழப்பம். தூள் கருவிக்குள் தள்ளிவிட ஒன்றுமில்லை, இழுக்கிற மூச்சின் பலம்தான் தூளை உடைத்து உள்ளே கொண்டுபோகவேண்டும். ஆகவே அதை ஆரம்பத்திலிருந்தே பலமாக, வேகமாக, ஆழமாக இழுக்கவேண்டும். அப்பப்பா சொன்னபடி பேரன் பம்பைப் பலமாக இழுத்தால் மருந்து தொண்டையோடு நிற்கும். பேரன் சொன்னபடி அப்பப்பா தூளை மெதுவாக இழுத்தால் தூள் கருவிக்குள்ளேயே கிடக்கும்.

தூள் கருவிக்குள் ஊதினால் வாயின் ஈரத்தில் தூள் கட்டிபடும். கொழும்புப் புழுக்கத்துக்கு அதைக் குளியலறையில் வைக்கவே கூடாது. அந்தக் கெப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு "ஒரு சுகமும் இல்லை" என்று வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். யாரும் சிரிக்கவேண்டாம். கெப்சூல் என்றால் விழுங்குகிறது என்றுதானே எல்லோருக்கும் பழக்கம்.

ஸ்பேசர் என்கிற அந்தப் 'போத்தல்'

இழுப்பதையும் அழுத்துவதையும் ஒரே கணத்தில் செய்ய வராதவர்களுக்கு, சொல்லப்போனால் பம்ப் பாவிக்கிற எல்லோருக்குமே, ஸ்பேசர் நல்லது. ஒரு பக்கத்தில் பம்பைச் செருகி மறுபக்கத்தில் வாயை வைக்கிற பிளாஸ்டிக் கூடு அது. மருந்து முதலில் கூட்டுக்குள் போகும், அங்கே வேகம் குறையும், பெரிய துளிகள் அதன் சுவரிலேயே தங்கிவிடும். சின்னத் துளிகளை மெதுவாக ஒரு நீண்ட மூச்சில் இழுத்துப் பிடிக்கலாம், மூச்சுத் திணறும்போது சாதாரணமாக ஐந்தாறு மூச்சு விட்டு இழுக்கலாம். ஒரு தரத்துக்கு ஓர் அடிதான். இரண்டைச் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் படியும். சில ஸ்பேசர்கள் வேகமாக இழுத்தால் விசிலடிக்கும். அந்தச் சத்தம் சரியாகச் செய்ததற்குக் கிடைத்த கைதட்டல் என்று நினைத்து ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் விசிலடித்துக்கொண்டிருந்தது. அது "மெதுவா இழு" என்று சொல்கிற எச்சரிக்கை.

கழுவுவதற்கு ஒரு முறை இருக்கிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடவேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி மருந்தை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். சட்டையில் உரசிய அடிமட்டம் கடதாசித் துண்டை இழுக்குமே, அதேதான். மாதம் ஒருதரம் இப்படிக் கழுவினால் காணும்.

வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு செய்தி. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் மருத்துவர்கள் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் குளிர்பானப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது என்று 1999இல் ஆய்வாக வெளியிட்டார்கள். அதையும் முன்சொன்னபடி கழுவிக் காயவிட்டுப் பாவிக்கவேண்டும், ஓரத்தால் காற்றுப் போகக்கூடாது. கிளினிக்கில் கேட்டால் செய்யும் விதத்தைக் காட்டுவார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளை ஸ்பேசரைப் பாடசாலைக்குக் கொண்டுபோகுமா? போகாது. நான் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. காலையும் இரவும் அடிக்கிற மருந்து வீட்டில் ஸ்பேசரோடு நடக்கட்டும், பல் துலக்குகிற பிரஷுக்குப் பக்கத்தில் வைத்தால் ஞாபகமும் வரும். பைக்குள் இருக்கிற அவசரப் பம்பை ஸ்பேசர் இல்லாமலும் சரியாக அடிக்கப் பழகியிருந்தால் சரி.

குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த பம்ப்

நாளுக்குப் பத்து அடி விஷயத்துக்கு வருவோம். "இந்த நீலத்தைவிட வேற பம்ப் ஏதும் தந்தவையோ?" என்று அம்மாவைக் கேட்டேன். தந்திருக்கிறார்கள். பிரிட்ஜுக்குள் இருக்கிறதாம், பெட்டி உடைக்காமல். "அது ஸ்டீரொய்ட் எண்டு சொல்லிச்சினம், அதுதான் குடுக்கேல்லை."

ஆஸ்துமாவுக்கு மருந்து பெரும்பாலும் இரண்டு வகை. அவன் கையிலிருந்த நீலப் பம்பின் சல்பியூட்டமோல் இறுகிய தசையைத் தளர்த்தும். நிமிடக்கணக்கில் சுகம் தெரியும், சில மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். குழாய்ச் சுவரின் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை ஆற்றுவது பெக்லோமெத்தசோன், பியூடசோனைட், ஃபுளூட்டிகசோன் மாதிரியான ஸ்டீரொய்ட் பம்ப். இதன் சுகம் உடனே தெரியாது, நாட்கணக்கில், கிழமைக்கணக்கில் அடித்தால்தான் தெரியும். அதனாலேயே பிள்ளைகளுக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை. கூரை ஒழுகும்போது வாளி வைப்பதும் உடைந்த ஓடுகளை மாற்றுவதும் மாதிரி இரண்டும் வேறு வேறு வேலை. இந்தப் பையன் மூன்று கிழமையாக வாளி வைத்துக்கொண்டே இருந்தான்.

வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் சல்பியூட்டமோல் பம்ப் முடிகிறதென்றால் கடும் இழுப்பு வரும் ஆபத்துக் கூடுகிறது என்று ஜீனா எச்சரிக்கிறது. 2019இலிருந்து, 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சல்பியூட்டமோலை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்யவேண்டாம் என்றும் அது சொல்கிறது. சிலருக்கு டொக்டர் பியூடசோனைட்டும், தசையைத் தளர்த்துகிற ஃபோமோடெரோலும் சேர்ந்த ஒரே பம்பை இரண்டு தேவைக்கும் எழுதுவார். அவர்களுக்கு நான் சொன்ன வாளிக் கணக்குப் பொருந்தாது.

ஸ்டீரொய்ட் பயம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். பல வருடம் பாவித்த பிள்ளைகளின் உயரம் சராசரியாக ஒரு சென்டிமீற்றர் அளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதையும் சொன்னேன். மறைத்துவிட்டுப் பிறகு இணையத்தில் படித்தால் என்னை நம்பமாட்டார்கள். ஆனால் மூச்சு முட்டி இரவில் நித்திரையில்லாமல், விளையாடாமல் இருக்கும் பிள்ளைக்கும் வளர்ச்சி குறையும். அடக்காத ஆஸ்துமா உயிரையே எடுக்கும். பம்பில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு என்பதை மறக்கக்கூடாது. அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் வெண்படலம் பிடிப்பதும் குரல் கரகரப்பதும் குறையும்.

எது எதுவென்று நிறத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். நீலம் உடனடிச் சுகத்துக்கு, மண்ணிறம் தினமும் அடிக்க என்பது ஒரு வழக்கம்தான். கொம்பனிக்குக் கொம்பனி மாறும். மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கிய காலத்திலிருந்தே, வர்த்தகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரைப் பாருங்கள் என்ற பேச்சு இந்த நாட்டில் இருக்கிறது. பெட்டியில் சின்ன எழுத்தில் இருந்தாலும் அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வாசிக்கப் பழக்குங்கள்.

முடிந்துவிட்டதா என்று குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துகிற வாயு கொஞ்ச நேரம் 'டஸ்' என்று வந்துகொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை காட்டுகிற பம்ப் என்றால் அந்த இலக்கத்தைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் 200 அடி, நாளுக்கு நான்கு, ஆகவே 50 நாள். தொடங்கிய திகதியை மார்க்கரால் டப்பாவில் எழுதிவிட்டால் போதும்.

"அடிச்சனியா? அடிச்சனியா?"

இந்த வயதில் பிழையாக அடிப்பதைவிட அடிக்காமலே விடுவதுதான் கூடுதல். "ஸ்கூல் வான்ல எல்லாரும் பார்ப்பினம்" என்றான் பையன். கிரிக்கெட் பயிற்சியில் பம்பை எடுத்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. இழுப்பு வந்தால் கழிவறைக்குள் போய் அவசர அவசரமாக இரண்டு அடி. அந்த 'டஸ் டஸ்' அங்கே பழகியதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒளித்து அடிக்கிறவன் பத்து விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பானா?

அம்மா நாளுக்கு நாலு தரம் "அடிச்சனியா?" என்று கேட்கிறார். அவன் நாலு தரமும் "ஓம்" என்கிறான். கேட்பதைக் குறைத்து, இரவில் பக்கத்தில் நின்று பாருங்கள் என்றேன். பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் முதலே சொல்லிவைத்தால் பாதி வெட்கம் போய்விடும். ஓடுவதற்கு 10, 15 நிமிடம் முன்பு அடிக்கவேண்டுமா என்று டொக்டரிடம் கேட்கச் சொன்னேன். பலருக்கு அப்படி எழுதிக் கொடுப்பார்கள்.

அவனுக்கு ஒரு வேலையும் கொடுத்தேன். வீட்டில் எட்டு வயதுத் தங்கச்சி இருக்கிறாள். "அவவுக்கு இதை அப்பிடியே சொல்லிக் குடுங்கோ. மருந்து அடிக்க வேண்டாம், சொல்லிக் குடுத்தாக் காணும்." தான் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் எந்தப் படி தவறியது என்று தெரியும். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரச் சொன்னேன். சரியாகப் பழகியவர்களும் 4 முதல் 6 கிழமைக்குள் பழைய பிழைக்குத் திரும்பிவிடுவது வழமை.

கடைசியாக, போன் திரையில் பதிந்து வைக்கச் சொன்ன இலக்கம் 1990, சுவசெரிய அம்பியூலன்ஸ். காசில்லை. ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் சொல் சொல்லாக வந்தால், கழுத்துக் குழியும் விலா இடுக்கும் உள்ளே இழுபட்டால், உதடு நீலம் பாரித்தால், அடித்த பம்ப் கேட்கவில்லை என்றால், இன்னும் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். 1990க்குக் கோல் எடுத்துவிட்டு, நிமிர்ந்து இருத்தி, சல்பியூட்டமோலை ஸ்பேசரில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு ஓர் அடியாகப் 10 அடி வரை கொடுக்கலாம். டொக்டர் எழுதித் தந்த திட்டம் கையில் இருந்தால் அதன்படி. படுக்கவைக்கக்கூடாது.

ஐந்தாவது கிழமை மூன்று பேருமாக வந்தார்கள். டொக்டரிடம் போய், பிரிட்ஜிலிருந்த பம்பையும் தொடங்கியிருந்தார்கள். நீலப் பம்பைக் கிழமைக்கு ஒருதரம்கூடத் தேடுவதில்லையாம். "காட்டுங்கோ பார்ப்பம்" என்றேன். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தான், குலுக்கினான், நிமிர்ந்து நின்றான், வாயில் வைத்து இழுக்கத் தொடங்கி அழுத்தினான். ஃபேனுக்கு ஒரு சொட்டும் போகவில்லை. பத்து விநாடி பிடித்துவிட்டு, எப்படி என்ற மாதிரி என்னைப் பார்த்தான்.

நான் வாய் திறக்க முதல் கவுண்டருக்குக் கீழே இருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

"அன்ரி, அண்ணா முதல்ல மூச்சை வெளியில விடேல்லை."